பலகை விரித்து வைத்த ஆசான்
மானுவல் ஆரோனும் தமிழகத்துச் சதுரங்கமும்

யூபிலி மலர் என்றால் ஆலயத்தின் அடிக்கல், மணிக்கூண்டு, பணியாற்றிச் சென்ற பங்குத் தந்தையர், வாரி வழங்கிய நன்கொடையாளர் ஆகியோரின் வரலாறே முதலிடம் பெறும். அதுவே முறை. இப்பக்கங்களிலோ நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து வேறொரு வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். ஒரு விளையாட்டைத் தாம் கற்று, வென்று, அத்துடன் நின்றுவிடாமல் அதை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்துச் சென்ற ஒருவரின் வரலாறு அது.

மலைமேல் வாழும் நமக்கு ஏன் இந்தக் கதை என்று கேட்கலாம். நம் மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதம் கூடலூர்ப் பக்கம் தொடங்கும் மழை, ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்துதான் ஓய்கிறது. பள்ளி விட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கு மைதானமெல்லாம் சேறு. ஆறு மணிக்குள் மூடுபனி இறங்கிவிடும். தாய் தேயிலைக் காட்டிலிருந்தும் தந்தை தொழிற்சாலையிலிருந்தும் வந்து சேரும்வரை லைன் வீட்டுத் திண்ணையில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? முன்பு வானொலி இருந்தது. இன்று கைபேசி இருக்கிறது. இளைஞனானால் அவனை அழைக்கச் சீட்டாட்டமும் மதுக்கடையும் காத்திருக்கின்றன. இக்கேள்வியோடுதான் நாம் இவ்வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

நம் மலைக்கும் விளையாட்டு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-ஆம் ஆண்டில் உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் எழுதி வைக்கப்பட்டன என்பர். ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பெரிய மேசை வேண்டும், பச்சைக் கம்பளி விரிப்பு வேண்டும், உறுப்பினர் சீட்டு வேண்டும். அக்காலத்தில் நம் முன்னோர் அந்த அறைக்குள் சென்றிருந்தால் தேநீர்த் தட்டு ஏந்தித்தான் சென்றிருப்பர். சதுரங்கத்துக்கோ அட்டையில் வரைந்த அறுபத்து நான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் போதும். கதவில்லாத ஆட்டம் அது. எனினும் அதைக் கற்றுத் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் மண்ணின் ஆட்டம்

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்து, பாரசீகம் சென்று, அரேபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயரில் உள்ளது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருநாமம். அந்த அளவுக்கு இவ்வாட்டம் தமிழர் வாழ்வில் ஊறியது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சுவையான பக்கங்கள் உண்டு. நாம் மந்திரி என்று அழைக்கும் காயை ஆங்கிலேயர் ‘பிஷப்’, அதாவது ஆயர், என்று அழைக்கின்றனர். ஆனால் ஆயர்கள் ஆடுவதைத் திருச்சபை எப்போதும் விரும்பியதில்லை. 1061-ஆம் ஆண்டளவில் புனித பீட்டர் தமியான், சதுரங்கம் ஆடிய புளோரன்ஸ் ஆயரைக் கண்டித்து, திருப்பாடல்கள் அனைத்தையும் மும்முறை சொல்லவும், பன்னிரு ஏழைகளின் பாதங்களைக் கழுவவும் ஒறுத்தல் முயற்சி விதித்தார். பிரான்சு மன்னர் புனித லூயி 1254-இல் இவ்வாட்டத்துக்குத் தடை போட்டார். பந்தயப் பணமும் சண்டையும் அன்று ஆட்டத்தோடு கலந்திருந்தன. பின்னர் காற்று மாறியது. ஸ்பெயின் நாட்டுக் குருவான ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய சதுரங்க நூல் புகழ்பெற்றது. ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளுள் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவிலா நகர்ப் புனித தெரேசாள் தம் கன்னியருக்குச் செபத்தைப் பற்றி எழுதும்போது சதுரங்கத்தையே உவமையாக எடுத்தாண்டார். அதனால் ஸ்பெயினில் அவர் சதுரங்க ஆட்டக்காரரின் பாதுகாவலியாகப் போற்றப்படுகிறார். கருவி ஒன்றே, அது யார் கையில், எதற்காக என்பதே கேள்வி.

வென்றவர் ஒருவர், வழி வைத்தவர் ஒருவர்

ஆட்டத்தை உலகுக்குத் தந்த நாடு, அதே ஆட்டத்தில் நெடுங்காலம் பின்தங்கியே நின்றது. காரணம் எளிது. நம் நாட்டில் வழங்கிய விதிகள் வேறு, உலகப் போட்டிகளின் விதிகள் வேறு. நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாய், எந்தக் காயின் வரிசையில் சென்றதோ அந்தக் காயாகவே மாறும். இவையும் ஊருக்கு ஊர் மாறுபட்டன. ஆகவே வெளிநாட்டு நூல்கள் நமக்குப் பயன்படவில்லை; நம் திறமை வெளிநாட்டார் கண்ணில் படவும் இல்லை.

இந்நிலையில் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் 1929-இல் லண்டன் சென்று, நாட்டு விதிகளில் பழகிய கையோடு பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே வியந்தனர். ஆனால் 1933-இன் இறுதியில் தம் எஜமானருடன் நாடு திரும்பிய அவர், உலக அரங்கில் மீண்டும் தோன்றவில்லை. நிலத்தில் உழுது வாழ்ந்து 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்தான்.

சுல்தான் கானின் மேதைமையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அவர் பின்னால் ஒரு மாணவர் வரிசை உருவாகவில்லை. அவருக்கு ஒரு மன்றமோ, பத்திரிகையோ, கற்பிக்கும் வாய்ப்போ அமையவில்லை. அது அவர் குற்றமன்று; பிறர் தயவில் வாழ்ந்த மனிதர் அவர். அவருக்குப் பின் ஒரு தலைமுறை கழிந்தே வேறொருவர் தோன்றினார். அவர் செய்த வேறுபட்ட செயலே இன்றைய தமிழகத்தின் சதுரங்கப் புகழுக்கு அடிக்கல்லாயிற்று.

பர்மாவில் பிறந்த பிள்ளை

மானுவல் ஆரோன் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பர்மாவின் டவுங்கூ நகரில், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தார். தமிழகத்தில் வளர்ந்து பள்ளிக் கல்வி பெற்று, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நம் மலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு, கடல் கடந்த மண்ணில் பிறந்து இங்கு வேரூன்றுவது என்றால் என்ன என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1957 முதல் 1982 வரை பதினொரு முறை மாநில சாம்பியன். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961-இல் ஆசிய மண்டலத் தகுதிப் போட்டிகளில் ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியையும் மங்கோலியாவின் மோமோவையும் வென்று, சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையை அடைந்தார். சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆட்டக்காரரும் அவரே.

அந்த வெற்றி அவரை 1962-இல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகருக்கு அழைத்துச் சென்றது. உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்புக்கான தகுதிச் சுற்று அது. இருபத்து மூன்று பேர் ஆடினர்; முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் பாபி பிஷர். ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் ஆகிய பெரும் ஆட்டக்காரர்களை நம் ஆரோன் வீழ்த்தினார். ஆனால் மொத்தப் புள்ளிகளில் பட்டியலின் அடியில்தான் நின்றார்.

இதை மறைத்துப் புகழுரை எழுத நாம் விரும்பவில்லை. ஏனெனில் பாடம் இங்கேதான் இருக்கிறது. உலகின் முதல்வரிசை வீரரையும் வெல்லத் தக்க அறிவு ஒரு தமிழகத்து இளைஞருக்கு இருந்தது. அந்த அறிவை நாள்தோறும் தீட்டும் பட்டறை நாட்டில் இல்லை. எதிரே இருந்தவர்கள் சிறு வயது முதல் பயிற்சியாளரும், நூலகமும், மன்றமும், சக ஆட்டக்காரரும் சூழ வளர்ந்தவர்கள். குறை ஆட்டக்காரரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலையே ஆரோனின் பின்னாளைய வாழ்க்கையாயிற்று.

மன்றம், பலகை, பத்திரிகை

அவர் செய்த முதற்பணி, இளைஞரைச் சர்வதேச விதிகளுக்குத் திருப்பியது. 1960-களில்கூட நாட்டின் பல பகுதிகளில் பழைய முறையே வழங்கி வந்தது. குழுக்கள் அமைத்து ஆடுங்கள், நகர்வுகளை எழுதி வையுங்கள், வெளிநாட்டு நூல்களைப் படியுங்கள் என்று அவர் தூண்டினார். சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நகர்வுகளை எழுதி வைப்பவன்தான் தன் தவற்றை மறுநாள் திரும்பிப் பார்க்க முடியும். எழுதாதவனுக்குத் தோல்வி வெறும் வருத்தமாகவே முடிந்துவிடும்.

இரண்டாம் பணி, 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தோன்றிய தால் சதுரங்க மன்றம். ரீகா நகரில் பிறந்து 1960-இல் உலக சாம்பியனான மிகைல் தாலின் பெயரைத் தாங்கிய அம்மன்றத்தை உருவாக்கி வளர்த்ததில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பலகைகள் இருந்தன, கடிகாரங்கள் இருந்தன, நூல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைவிட நன்றாக ஆடும் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார். வளரும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய செல்வம் வேறில்லை.

மூன்றாம் பணி எழுத்து. 1983-இல் ‘செஸ் மேட்’ என்னும் சதுரங்க இதழைத் தொடங்கி நடத்தினார். மன்றத்துக்கு வர இயலாத ஊர்ப்பிள்ளைக்கு அஞ்சல்காரர் கொண்டு வந்து கொடுத்த மன்றம் அது. தம் எழுபதுகளின் இறுதியிலும் எழுதுகோலைக் கீழே வைக்காமல், விஜய் பண்டிட்டுடன் இணைந்து இந்தியச் சதுரங்க வரலாற்றைப் பெரும் நூலாக எழுதி 2014-இல் வெளியிட்டார்.

மன்றத்துக்கு வந்த சிறுவன்

அம்மன்றத்துக்கு 1970-களில் ஒரு தாய் தம் சிறு மகனை அழைத்து வந்தார். ஆறு வயதில் அவனுக்குக் காய்களை நகர்த்தக் கற்றுக் கொடுத்தவரும் அத்தாயே. அவர் பெயர் சுசீலா; மகன் விசுவநாதன் ஆனந்த். அங்கே அதிவேக ஆட்டத்தில் வென்றவர் இருக்கையில் தொடர்வார்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். நாற்காலியை இழக்க விரும்பாத சிறுவன் வேகமாகச் சிந்திக்கப் பழகினான். பின்னாளில் உலகமே வியந்த அவருடைய மின்னல் வேகம் அந்த வரிசையில் நின்று பெற்றது என்றால் மிகையாகாது.

நம் மலையடிவாரத்துக் கோவைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. ஆனந்த் 1984-இல் ஆசிய இளையோர் சாம்பியன் ஆனது கோவையில்தான். 1987-இல் உலக இளையோர் பட்டம் வென்ற பின், கிராண்ட் மாஸ்டர் தகுதியை அவர் நிறைவு செய்ததும் கோவையில் நடைபெற்ற சர்வதேசப் போட்டியில்தான். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினால் ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரும் ஊரில் அந்த வரலாறு எழுதப்பட்டது! பின்னர் 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன் பட்டம் அவருடையதாயிற்று.

ஒரு விளக்கிலிருந்து ஏற்றிய விளக்குகள்

ஆனந்துக்கு முன்னரே 1978-இல் தமிழகத்தின் வி. ரவிக்குமார் ஆசிய இளையோர் பட்டம் வென்று, இந்தியாவின் இரண்டாவது சர்வதேச மாஸ்டர் ஆகியிருந்தார். பெண்கள் வரிசையில் சென்னையின் எஸ். விஜயலட்சுமி, இந்தியாவின் முதல் பெண் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை 2001-இல் பெற்றார்.

இவர்களுள் ஆர்.பி. ரமேஷின் முடிவை நாம் தனித்துக் குறிப்பிட விரும்புகிறோம். கிராண்ட் மாஸ்டரான அவர் 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டமும், 2007-இல் காமன்வெல்த் பட்டமும் வென்றவர். இன்னும் பல ஆண்டுகள் ஆடியிருக்கலாம். ஆனால் 2008-இல் போட்டிகளிலிருந்து ஒதுங்கி, தம் துணைவியாரும் முன்னாள் உலக இளையோர் சாம்பியனுமான ஆர்த்தி ராமசாமியுடன் சென்னையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் அவர் அக்காள் வைஷாலியும் அங்கு பயின்றவர்கள். அக்காள், தம்பி இருவருமே கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்றது உலகில் அதுவரை நிகழாத ஒன்று.

தமிழக அரசும் 2013-இல் ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவருக்காகப் பள்ளிகளில் சதுரங்கத் திட்டத்தைத் தொடங்கியது. அதே 2013-இல், சென்னையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் சதுரங்கம் பழகத் தொடங்கினான். அவனே 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியனான குகேஷ். 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் தமிழகக் கடற்கரைக்கு வந்தன. ஸ்டாக்ஹோமுக்கு ஓர் ஆளாகச் சென்ற ஆரோனின் காலத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அறுபது ஆண்டுகளில் நடந்த தூரம் விளங்கும்.

தேநீர்க் கடையில் ஒரு பள்ளி

“இவையெல்லாம் சென்னைப் பிள்ளைகளின் கதை, எஸ்டேட்டுக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்காக அண்டை மாநிலத்து ஊர் ஒன்றைச் சொல்கிறோம். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், காட்டோரத்தில் உள்ளது மரோட்டிச்சால் கிராமம். ஒரு காலத்தில் கள்ளச் சாராயமும் சூதாட்டமும் அவ்வூரைப் பிடித்து ஆட்டின. உண்ணிகிருஷ்ணன் என்ற இளைஞர், பாபி பிஷரைப் பற்றிப் படித்த ஆர்வத்தில் பக்கத்து ஊருக்குச் சென்று சதுரங்கம் கற்று வந்தார். பின்னர் தேநீர்க் கடை வைத்தார். தேநீர் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் பலகையை விரித்து வைத்துக் கற்றுக் கொடுத்தார். ஆண்டுகள் பல சென்றபின், அவ்வூரில் வீட்டுக்கு ஒருவராவது சதுரங்கம் அறிந்தவர் என்ற நிலை உண்டாயிற்று. பாட்டியும் பேரனும் திண்ணையில் அமர்ந்து ஆடும் ஊராக அது பெயர் பெற்றது.

ஓர் ஆட்டம் மட்டுமே குடியை ஒழித்துவிடும் என்று கூற நாம் துணியமாட்டோம். குடியின் வேர்கள் ஆழமானவை என்பதை நம் லைன் வீடுகளில் கண்ணீர் வடித்த தாய்மார்கள் அறிவர். ஆனால் மாலை வேளையில் உட்கார ஓர் இடமும், எதிரே ஒரு தோழனும், முடித்தே எழவேண்டும் என்று தோன்றச் செய்யும் ஓர் ஆட்டமும் இருந்தால், கெட்ட வழிக்குப் போகும் கால்கள் சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக் கூடும்.

நமக்கான பாடம்

மன்றத்தில் ஆடும் பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்படும் ஒழுங்கு, தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது. எண்ணாமல் தொட்டுவிட்டு, ‘தெரியாமல் தொட்டேன்’ என்று சொல்ல இயலாது. அடுத்த ஒழுங்கு, தோற்றாலும் கை கொடுத்துவிட்டு எழ வேண்டும் என்பது. தோல்விக்குப் பழியேற்க நடுவரோ, மழையோ, கூட்டாளியோ அங்கில்லை. இவ்விரண்டையும் பத்து வயதில் பழகும் பிள்ளை, வாழ்க்கையில் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதையும் எளிதில் உணரும். நம் பிள்ளைகள் எல்லாரும் கிராண்ட் மாஸ்டர்களாக வேண்டும் என்று நாம் கனவு காணவில்லை. பெற்றோரும் அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டாம்.

சுல்தான் கானின் வெற்றிகள் அவரோடு ஊர் திரும்பின. ஆரோனின் வெற்றிகளோ ஓர் அறையாக, ஓர் இதழாக, ஒரு மாணவர் வரிசையாக நிலைத்தன. ஒருவர் பட்டம் பெறுவது அவர் பெருமை. பெற்றதைப் பிறர் கையில் வைப்பதே ஊரின் பெருமை.

ஆகவே யூபிலி ஆண்டில் பங்கு மக்கள் முன் ஒரு சிறு விண்ணப்பத்தை வைக்கிறோம். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் பங்கு மன்றத்தின் கதவு பூட்டப்படுகிறது. அதை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்போம். பத்துப் பலகைகள் வாங்க ஒரு திருவிழா வாணவேடிக்கையின் செலவுகூட ஆகாது. ஆட்டம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தொழிற்சாலை எழுத்தர்களும் நம்மிடையே இருக்கின்றனர். வாரத்தில் ஒரு மாலையை அவர்கள் தரட்டும். சிறுமியரையும் சிறுவருக்குச் சமமாக அமர வைப்போம். கற்ற பிள்ளை, தன் லைனில் உள்ள கற்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

கதவைத் திறக்க ஒருவர், பலகை விரிக்க ஒருவர், நாள் தவறாமல் வந்து அமர ஒருவர் வேண்டும். இம்மூன்றும் ஒரே ஆளாக அமைந்தது சென்னையின் நற்பேறு. நம் பங்கில் அவை மூவராக இருப்பினும் குறையில்லை. அம்மூவர் இம்மலரை இப்போது கையில் வைத்திருப்பவர்களுள் இருக்கிறார்கள் என்றே நாம் நம்புகிறோம்.